நெய்க்கடைத் தம்பி

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நொடித்துப்போன கடைகளுக்கு வைத்தியம் நடக்கும். வைத்தியர் என் மைத்துனர், என் கணவரின் அண்ணா. பம்பாயில் வர்த்தகப் படிப்பு முடித்துவிட்டு வந்து, டவுனில் மாலை நேரத்து வர்த்தகப் பள்ளி ஒன்றில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அங்கே படிக்கிறவர்களில் கெட்டிக்காரர்களாக ஐந்தாறு பேரைப் பொறுக்கி, ஞாயிறுதோறும் மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார். கூடத்தில் பாய் விரித்திருக்கும். ஏதாவது ஒரு கடையின் கதையை அவர் எழுதிக்கொண்டு வந்து வாசிப்பார். எந்த ஊர், என்ன வியாபாரம், முதலாளி யார், எங்கே இடிக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். முடித்ததும் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்பார்.

"இப்ப நீங்கதான் முதலாளி. என்ன பண்ணுவேள்?"

அமெரிக்காவில் பெரிய கம்பெனிகளை நடத்தப் போகிற பிள்ளைகளுக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்களாம். அதற்குக் கேஸ் என்று பெயர். எங்கள் தெருவில் பாதி வீடு வக்கீல் வீடு. எனக்குத் தெரிந்த கேஸில் வாதியும் பிரதிவாதியும் வந்து நிற்பார்கள். இந்தக் கேஸில் யாரும் வந்து நிற்பதில்லை. கடைக்காரன் எந்த ஊரிலோ கல்லாவில் உட்கார்ந்திருப்பான். அவனை வைப்பதா எடுப்பதா என்று இவர்கள் இங்கே காப்பி குடித்துக்கொண்டே முடிவு கட்டுவார்கள்.

அந்தக் காப்பியைப் போடுவது நான். காப்பிக்கு எங்கள் வீட்டில் குறைவில்லை. எங்களுடையது காப்பிப்பொடிக் கடை. மாமனார் வைத்தது, மாட வீதி திரும்புகிற முனையில். கொட்டையை வறுக்கிற இரும்பு உருளை கடையின் பின்கட்டில் இருந்தது. கரி நெருப்பின் மேல் அதைச் சுற்றச் சுற்ற, வாசனை குளக்கரை வரைக்கும் போகும். மாமனார் போகிறபோது பிள்ளைகள் இருவரையும் பக்கத்தில் கூப்பிட்டு ஒன்றுதான் சொன்னார். கடையை மாற்றுவதானாலும் மூடுவதானாலும் இரண்டு பேரும் ஒப்பிச் சொல்ல வேண்டும், ஒருவன் வேண்டாம் என்றால் தொடக் கூடாது. பத்திரம் எதுவும் எழுதவில்லை. வாய்வார்த்தைதான். எங்கள் வீட்டில் அது பத்திரத்துக்கு மேல்.

என் மைத்துனர் கடையில் உட்கார்ந்ததே இல்லை. மூன்றாவது பாரத்தோடு படிப்பை விட்ட என் கணவர்தான் உட்கார்ந்தார். பதினாறு வயதில் உட்கார்ந்தவர். கடை போனால் அவருக்கு வேறு போக்கிடம் கிடையாது. வேறு வேலை தெரியாது என்பதோடு போகவில்லை. வேறு எந்த இடத்திலும் அவரை வைத்து நினைத்துப் பார்க்கவே என்னால் முடியவில்லை.

மைத்துனருக்கு வேறு யோசனை இருந்தது. மாம்பலத்தில் அப்போது புதிது புதிதாக வீடு எழும்பிக்கொண்டிருந்தது. உத்தியோகஸ்தர்களெல்லாம் அங்கே போய்க்கொண்டிருந்தார்கள். சீமைக் கம்பெனி ஒன்று டப்பாவில் அடைத்த காப்பிப்பொடிக்கு ஏஜன்சி கொடுக்கிறது, மயிலாப்பூர்க் கடையை எடுத்துவிட்டு முதலை அதில் போட்டால் பத்து வருஷத்தில் எங்கேயோ போய்விடலாம் என்பார். என் கணவர் மறுத்துப் பேச மாட்டார். தூணைப் பார்த்துக்கொண்டு, "அப்பா வெச்சது அண்ணா," என்பார். அவ்வளவுதான். அதற்கு மேல் அண்ணாவால் போக முடியாது. இப்படியே இரண்டு வருஷம் ஓடியது.

கடை நன்றாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். எனக்கே அதில் மனத்தாங்கல் உண்டு. வாசலில் ஒரு பெஞ்சு போட்டிருந்தார். பென்ஷன் வாங்குகிற கிழவர்கள் காலை ஏழு மணிக்கு வந்து உட்கார்ந்து, கடைப் பத்திரிகையைப் பக்கம் பக்கமாகப் பங்கு போட்டுக்கொண்டு படிப்பார்கள். வீட்டுப் பெண்கள் பொடி வாங்க வந்தால் அவர்களைத் தாண்டி உள்ளே வரக் கூசிக்கொண்டு திரும்பிப் போவார்கள். "அந்தப் பெஞ்சைப் பின்னாடி தள்ளிப் போடக் கூடாதா?" என்று கேட்டால், "தாத்தாக்கள் வெயில்ல எங்கே போவா?" என்பார். கல்யாண வீட்டுக்குப் பொடி கொடுத்தால், மீந்ததைக் கட்டுப் பிரிக்காமல் இருந்தால் அதே விலைக்குத் திரும்பி எடுத்துக்கொள்வார். மெட்ராஸில் வேறு எவனும் அப்படிச் செய்ததாக நான் கேட்டதில்லை. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் கேட்காமலே பொடி போகும். துக்கத்துக்கு வருகிறவர்களுக்கு யார் போய் வாங்கிக்கொண்டிருப்பார்கள் என்பார். பதின்மூன்று நாள் ஆகாமல் அதைப் பற்றி வாய் திறக்க மாட்டார். அதற்கப்புறமும் பல பேரிடம் திறக்கவில்லை.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது போலவே மைத்துனருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் என் கணவரும் போய் உட்காருவார். கடையைப் பத்து மணிக்கு அடைத்துவிட்டு, கை கால் அலம்பி, சட்டை மாற்றிக்கொண்டு, கூடத்துத் தூணோரம் கடைசியாக உட்காருவார். ஒரு வார்த்தை பேச மாட்டார். பி.ஏ. படித்த பிள்ளைகள் பேசுவதைக் கேட்பதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். சாப்பிடும்போது எனக்குச் சொல்வார். "இன்னிக்கு ஒரு தறிக் கம்பெனி. அந்த லா காலேஜ் பையன் என்னமா அலசறான் தெரியுமா?" ஓர்ப்படி, அதாவது மைத்துனரின் மனைவி, இதைக் கேட்டு முகவாயை இடித்துக்கொள்வாள். "உங்காத்துக்காரர் அடுத்த வருஷம் பரிட்சைக்கே உட்கார்ந்துடுவார் போலிருக்கே," என்பாள்.

வெளி மனிதர்கள் இருக்கும்போது நாங்கள் கூடத்துக்குப் போவதில்லை. அவரைக் கூப்பிட வேண்டுமானால் நடைக் கதவின் சங்கிலியை ஆட்ட வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது, வெளியார் எதிரில் "ஏன்னா" என்றும் குரல் கொடுக்க முடியாது. எங்கள் பக்கத்து வீடுகளில் எல்லோருக்கும் அதுதான் வழக்கம். சங்கிலி குலுங்கினால் யாருக்கு என்று அந்த ஆணுக்குத் தெரிந்துவிடும். நான் ஆட்டினால் இவர் வருவார். ஆனால் உடனே வர மாட்டார். காப்பி தயார் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு, பேச்சு ஓய்ந்த பிறகுதான் எழுந்திருப்பார்.

அன்றைக்கு வாசித்த கேஸ் கும்பகோணத்தில் ஒரு நெய்க்கடை. எப்போதும் மைத்துனர் இங்கிலீஷில் வாசித்துவிட்டுப் பேச்சைத் தொடங்கிவிடுவார். அன்றைக்கு மட்டும் வாசித்த பிறகு தமிழிலும் ஒரு தடவை நிறுத்தி நிதானமாகச் சொன்னார். அங்கே இங்கிலீஷ் அரைகுறையாகத் தெரிந்தவர் ஒருவர்தான் இருந்தார். அது எனக்கு அப்போது தோன்றவில்லை. நான் டம்ளர்களைத் துடைத்து வரிசையாக வைத்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணன் தம்பி ரெண்டு பேர் கடை. அண்ணன் வெளியூர்ல இருக்கான். தம்பி கடையைப் பாத்துக்கறான். நல்லவன். கைசுத்தம். ஆனா வாசல்ல ஒரு பெஞ்சு போட்டு வெச்சிருக்கான். ஊர்க் கிழமெல்லாம் அதுலதான். பொம்மனாட்டிகள் உள்ளே வரத் தயங்கறா."

என் கையிலிருந்த துணி நின்றது.

"கல்யாணத்துக்கு நெய் குடுத்தா, மீந்த டின்னை அதே விலைக்குத் திரும்ப எடுத்துக்கறான். சாவு வீட்டுக்கு அவனாவே அனுப்பறான், அப்புறம் கேக்கறதில்லே. பக்கத்து டவுன்ல புதுசா கடை போட ஒரு நல்ல சந்தர்ப்பம் வந்திருக்கு. தம்பி அசைய மாட்டேங்கறான். இப்ப நீங்கதான் அண்ணன். என்ன பண்ணுவேள்?"

கதவிடுக்கு வழியாக என் கணவரின் பாதி முகம் எனக்குத் தெரிந்தது. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, கும்பகோணத்துக் கடைக்காரனை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

லா காலேஜ் பையன் முதலில் ஆரம்பித்தான். பெஞ்சை எடுக்க வேண்டும், திரும்ப வாங்குவதை நிறுத்த வேண்டும், தம்பிக்கு மேல் ஒரு மானேஜரைப் போட வேண்டும் என்றான். இன்னொருவன், தம்பியைத் திருத்த முடியாது, கடையையே மூட வேண்டும் என்றான். ராயப்பேட்டையிலிருந்து ஒரு பிள்ளை வருவான். அப்பாவுக்குத் தோல் வியாபாரம், உருது பேசுகிற குடும்பம். ஓர்ப்படி அவனுக்கென்று ஒரு கண்ணாடி டம்ளரைத் தனியாக எடுத்து வைத்திருந்தாள். குடித்துவிட்டு அதை அவனே முற்றத்தில் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவான். அவன்தான் கேட்டான்.

"சார், அந்தத் தம்பிக்காரரு இன்னா சொல்றாரு? அவராண்ட யாருனா கேட்டாங்களா?"

"அது பேப்பர்ல இல்லை," என்றார் மைத்துனர். "குடுத்திருக்கறதை வெச்சுண்டுதான் சொல்லணும்."

"இல்ல சார், அவரு ஏன் திரும்ப எடுத்துக்கினு இருக்காருன்னு தெரியணுமே. இன்னாவோ கணக்கு இருக்கும் அவருக்கு."

"பாய்க்குத் தம்பி மேல ரொம்பக் கரிசனம்," என்றான் லா காலேஜ் பையன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பிள்ளையும் சேர்ந்து சிரித்தான்.

அப்போது மைத்துனர் தூணோரம் திரும்பினார். "இவாள்ளாம் புஸ்தகம் படிச்சவா. நீதான் நிஜமா வியாபாரம் பண்றவன். நீ சொல்லு பாப்போம்."

அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் அவரை யாரும் கேட்டதில்லை. அவர் நிமிர்ந்து உட்கார்ந்ததையும், தொண்டையைச் செருமிக்கொண்டதையும் நான் பார்த்தேன். சங்கிலியைப் பிடித்து ஆட்டினேன்.

"வரேன், வரேன். காப்பிக்கு இப்ப என்ன அவசரம்?" என்றார் கதவுப் பக்கம் திரும்பாமலே. பிள்ளைகள் சிரித்தார்கள்.

மறுபடி ஆட்டினேன். அந்த வீட்டில் நான் அவ்வளவு ஓசை எழுப்பியது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. இவர் எழுந்திருக்கப் பார்த்தார். மைத்துனர் கதவை நிமிர்ந்து பார்த்தார். இடுக்கில் நான் நிற்பது அவருக்குத் தெரிந்தது. தெரிந்துகொண்டே இவரைக் கையமர்த்தினார். "அவா காத்திண்டிருப்பா. நீ சொல்லி முடி."

இவர் சொன்னார். "தம்பியைக் கடையை விட்டு எடுத்துடணும் அண்ணா. அவன் கடை நடத்தலை, தர்மம் பண்ணிண்டிருக்கான். தர்மம் பண்றவன் சத்திரம் கட்டட்டும். கல்லாவுல ஏன் உக்காரணும்?"

கூடம் கொல்லென்று சிரித்தது. லா காலேஜ் பையன் தொடையைத் தட்டி, "இதான் சார் ஜட்ஜ்மென்ட்," என்றான். இவர் முகம் சிவந்து போயிற்று. கல்யாணத்தன்றுகூட நான் அந்த முகத்தில் அத்தனை சந்தோஷத்தைப் பார்க்கவில்லை. அந்தச் சந்தோஷத்தோடேயே எழுந்து வந்து என்னிடம் காப்பித் தட்டை வாங்கினார். "கேட்டியா?" என்றார். கேட்டேன் என்றேன். வேறு என்ன சொல்வது? சொன்னது சொன்னதுதான். நான் வாயைத் திறப்பதற்குள் தட்டோடு போய்விட்டார்.

பிள்ளைகள் போன பிறகு இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். நான் பரிமாறிக்கொண்டிருந்தேன்.

"காலம்பற நீ சொன்னது ரொம்ப சரி," என்றார் மைத்துனர்.

"எது அண்ணா?"

"நெய்க்கடை. நெய்யை எடுத்துட்டுக் காப்பிப்பொடியைப் போடு. கும்பகோணத்தை எடுத்துட்டு நம்ம முனையைப் போட்டுப் பாரு."

இவர் கை இலையில் அப்படியே நின்றது. "பெஞ்சு," என்றார்.

"ஆமா. நம்ம பெஞ்சுதான்."

"கல்யாணத்துல திரும்பி எடுத்துக்கறது?"

"நீ ஒருத்தன்தானேடா எடுத்துக்கறே? வேற எவன் எடுத்துக்கறான்?" மைத்துனர் குரலை உயர்த்தவில்லை. அவர் உயர்த்தியதே இல்லை. "நான் சொல்லலை. நீ சொன்னே. எல்லார் எதிர்லயும் சொன்னே. அப்பா சொன்னபடி ரெண்டு பேரும் ஒப்பிச் சொல்லியாச்சு."

இவர் மோர் கேட்டார். இன்னும் ரசமே விடவில்லை. நான் மோரை விட்டேன். அதைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்க் கை அலம்பினார்.

பிற்பகல் உள்ளறையில் தனியாக இருந்தபோது சொல்லிப் பார்த்தேன். "ஏன்னா, யாரோ எவனோன்னு நினைச்சுண்டு சொன்னது. அப்படி இல்லேன்னு போய்ச் சொல்லுங்கோளேன்."

"எப்படிச் சொல்றது? அத்தனை பேரும் சிரிச்சாளே. சரின்னு தோணித்துன்னுதானே சிரிச்சா."

"நம்ம கடைன்னு தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேளா?"

"மாட்டேன். அதனாலதான் அது நிஜமாம். யாரோட கடைன்னு தெரியாம சொல்றதுலதான் பொய் இருக்காதுன்னு அண்ணா சொல்றார்." மேலே விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். "சரியாத்தானே இருக்கு?"

இதற்குப் பதில் எனக்கு அன்றைக்கு வரவில்லை. நாலாம் வகுப்புப் படித்தவள். வருஷக்கணக்காகப் பாத்திரம் தேய்க்கும்போதும் கோலம் போடும்போதும் அதை மனசுக்குள் புரட்டிப் பார்த்திருக்கிறேன். கும்பகோணத்துத் தம்பி அழ மாட்டான், அவனுக்குப் பெண்டாட்டி கிடையாது, அவன் பெஞ்சில் உட்காருகிற கிழவர்களுக்கு முகம் கிடையாது. அப்படி ஒருத்தனைச் செய்து நிறுத்தி வைத்து அவன் தலையை வாங்கச் சொன்னால் யார்தான் வாங்க மாட்டார்கள்? இது சரியான பதில்தானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கேட்பதற்கு மைத்துனரும் இப்போது இல்லை.

ஆடி பிறப்பதற்குள் கடை எடுத்தாகிவிட்டது. வறுக்கிற உருளையை இரும்புக்காரன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். கிழவர்களில் ஒருவர், பெரிய உத்தியோகத்தில் இருந்தவர், கண் தெரியாதவர், கேட்டார். "ஏண்டா, எல்லாம் சரி, பெஞ்சை என்ன பண்ணப் போறே?" எடுத்துக்கொண்டு போங்கள் மாமா என்றார் இவர். இரண்டு கிழவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, நாலடிக்கு ஒரு தரம் இறக்கி வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, குளக்கரைப் பக்கம் போனார்கள். அதைப் பார்த்து இவர் சிரித்தார். சிரிப்பார் என்று நான் நினைக்கவில்லை.

மாம்பலத்து ஏஜன்சி நன்றாக நடந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். போர்டு என்ன, கண்ணாடி அலமாரி என்ன, மைத்துனர் சொன்னபடியே எல்லாம் நடந்தது. இவருக்கு வேலை, டப்பாக்களைப் பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய்க் காட்டுவது. மாம்பலம், சைதாப்பேட்டை, அடையாற்றுப் பங்களாக்கள் எல்லாம் முடிந்து மயிலாப்பூருக்கும் வர வேண்டும். எந்த வீட்டுக்கு என்ன கலவை பிடிக்கும் என்று தெரிந்து பொடி கொடுத்தாரோ, அந்த வீட்டு வாசலிலேயே போய் ஒரே மாதிரி டப்பாவை நீட்ட வேண்டும்.

"நீயா இதை விக்கறே?" என்று கேட்டாளாம் ஒரு மாமி.

"நன்னா இருக்கும் மாமி. வாங்கிப் பாருங்கோ," என்றாராம்.

ஒரு கல்யாண வீட்டில் மீந்த டப்பாக்களைப் பழைய பழக்கத்தில் இவரிடம் நீட்டினார்கள். கம்பெனி திரும்ப எடுக்காது. எடுக்காது என்று சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து அடுக்கினார். அந்த வருஷம் முழுக்க நாங்கள் டப்பாக் காப்பிதான் குடித்தோம். குடிக்க நன்றாகத்தான் இருந்தது. எனக்கு ஆறாமல் போனது அதுதான். கொஞ்சமாவது கசந்திருக்கக் கூடாதா?

பிறகு கம்பெனிக்கே மெட்ராஸ் பிடித்துப்போய்விட்டது. டவுனில் சொந்தமாக ஆபீஸ் திறந்து, நேராக ஆள் போட்டுக்கொண்டு, ஏஜன்சி இனி வேண்டாம் என்றது. அதற்குள் மைத்துனர் பெரிய காலேஜில் உத்தியோகமாகி, மாம்பலத்தில் சொந்த வீடு கட்டிக்கொண்டு போயிருந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. திரும்பி வருவதற்குத்தான் இவருக்கு இடம் இல்லை. முனைக்கடையில் அப்போது ஒரு தையல்காரர் இருந்தார். இவர் சைதாப்பேட்டைச் சந்தைப் பக்கம் ஓர் அரிசி மண்டியில் சேர்ந்தார். உட்காருவதற்குக் கல்லா கிடையாது. நாள் முழுக்க நின்றுகொண்டு மூட்டை எடை பார்க்கிற வேலை.

அதற்கப்புறம் அவர் எதைப் பற்றியும் அபிப்பிராயம் சொல்லவில்லை. கத்திரிக்காய் நன்றாக இருக்கிறதா என்று கேட்டால்கூட, "நீ சாப்பிட்டுப் பாரு," என்பார். எங்கள் பெண்ணுக்கு வரன் வந்தது. பையனைப் பார்த்துவிட்டு வந்தவரிடம், "உங்களுக்கு என்ன தோணறது?" என்றேன். "அண்ணாவைக் கேளு," என்றார். நான் கேட்கவில்லை. நானே பார்த்து முடித்தேன். கூச்சத்தோடேயே முடித்தேன்.

ஒரு நாள் மண்டிக்கு அந்தத் தோல் வியாபாரி பிள்ளை வந்திருக்கிறான். மீசையெல்லாம் வைத்துப் பெரிய மனிதனாகியிருந்தானாம். இவரை அடையாளம் கண்டுகொண்டு ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டானாம். இவர் வீட்டுக்கு வந்து, காலை அலம்பிக்கொண்டே, அவன் குரலிலேயே எனக்குச் சொல்லிக்காட்டினார்.

"'சார் வூட்டுக்குப் போயிருந்தேன் நைனா. இன்னும் அந்த நெய்க்கடை கேஸைப் படிச்சுக்கினுதான் கீறாரு. இந்த வருசப் பசங்களும் தம்பியைத் தூக்கணும்னுதான் சொன்னாங்களாம். அப்பால இன்னாதான் ஆச்சு அந்தத் தம்பிக்குன்னு கேட்டேன். அது பேப்பர்ல இல்லன்னுட்டாரு' அப்படின்னான்."

அவனுக்கு யார் கடை என்று கடைசி வரைக்கும் தெரியாது.

"நீங்க என்ன சொன்னேள்?"

"சௌக்கியமா இருக்கானாம்னேன். ரொம்ப சந்தோஷப்பட்டான் பாவம்."

நான் சமையலறைக்குள் போய்விட்டேன். கடல் காற்று நடை வழியாக வந்துகொண்டிருந்தது. சங்கிலி லேசாகக் குலுங்கியது. துடைத்துக்கொண்டிருந்த துண்டை அப்படியே போட்டுவிட்டு இவர் வந்து கதவோரம் நின்றார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எப்போதுமே அப்படித்தான். சங்கிலி அசைந்தால் அடுத்த நொடி வந்து நிற்பார். வந்து என்ன ஆக வேண்டும்?

"கூப்பிட்டியா?"

"இல்லை. காத்து."

தலையை ஆட்டிவிட்டு, உடனே போகாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.